கீழ்வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

மனநலத்துக்காக ஒரு சிறப்பு மலர் போடுகிறோம், ஒரு கதை எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டார். அவரை மலர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். வழவழப்பான காகிதம், வண்ண அட்டை எல்லாம் தயார். எனக்கு இரண்டே நிபந்தனைகள். கதை நம்பிக்கையோடு முடிய வேண்டும். கடைசி வரி ‘தகுந்த உதவியை நாடுங்கள்’ என்று இருக்க வேண்டும்.

“எங்க போய் நாடுறதுன்னு போட வேண்டாமா?” என்று கேட்டேன்.

“அது கதையோட வேலை இல்லீங்களே,” என்றார்.

அன்றிலிருந்து அந்த வரி தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்த உதவியை மாதக்கணக்கில் நாடியிருக்கிறாள். அவள் கதையைத்தான் எழுதப் போகிறேன். சரி என்றாள், ஆனால் பேர், ஊர், தெரு எதுவும் வரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆகவே அவளை ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஜன்னலுக்கு வெளியே மழை. அவன் மனதுக்குள்ளும் ஒரு’

அடித்துவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இரண்டாவது: ‘தம்பியின் கண்களில் ஆழம் காண முடியாத ஏதோ’

இதையும் அடித்தேன். தம்பியின் கண்ணில் தூக்கம் இல்லை. அவ்வளவுதான் இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது.

மூன்றாவது: ‘தம்பி முட்டையையும் நிறுத்திவிட்டான்.’

இது இருக்கட்டும்.

விளக்க வேண்டும். அவளுடைய தம்பி டைல்ஸ் பதிக்கிறவன். தரையில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நூலளவு மேடுகூட அவனுக்குத் தெரிந்துவிடும். போன வருடத்திலிருந்து வேலைக்குப் போவதில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மோட்டார் ஓடும்போதெல்லாம் அது தன் பேரைச் சொல்லித் திட்டுகிறது என்று பதிலுக்குக் கத்துவான். பிறகு சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றான். யார் என்றால், அக்காதான். சமைக்கிறவள் அவள்தானே. அதனால் தோல் உள்ளதாக, ஓடு உள்ளதாக, தானே உரிக்கக் கூடியதாக மட்டும் சாப்பிட்டான். வாழைப்பழம், வேகவைத்த முட்டை. பிறகு வாழைப்பழக் காம்பில் ஊசி குத்திய தடம் இருக்கிறது என்றான். அன்று காலை முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டில் ஒரு மயிர்க்கீறலைக் காட்டி, “ஏன்க்கா இப்படிப் பண்ற?” என்று கேட்டான்.

கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் அழுதுகொண்டே கேட்டான்.

3

அவளுக்கு வேலை, வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் எண்ணில் போன் எடுப்பது. ‘தயவுசெய்து இணைப்பில் இருங்கள்’ என்று நாள் முழுவதும் அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கும்போதும் அதே வாக்கியம் வாயில் வரும். அதனால்தான் உதவி எண் என்று எங்கோ பார்த்த ஒரு எண்ணை அழைத்து, எதிர்முனையில் அதே வாக்கியத்தைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இணைப்பில் இருந்தாள். இசை கேட்டாள். இணைப்பு அறுந்தது. இன்னொரு எண் ஒரு கட்டில் கடைக்குப் போனது. கடைக்காரர் பாவம், நொந்துபோயிருந்தார். “தெனமும் யாராவது அழுதுட்டே கூப்பிடுறாங்கம்மா. நானும் நம்பரை மாத்தச் சொல்லிப் பாத்துட்டேன்.”

(துவைக்கிற மெஷின் நின்றுபோனால் அன்று மாலைக்குள் ஆள் அனுப்புகிறார்கள். அவள்தான் அனுப்புகிறாள். இந்த வரி கொஞ்சம் பிரசங்கமாக இருக்கிறது, தெரியும். எடுக்க மாட்டேன்.)

சொந்தக்காரர்களிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாள். பெரியப்பா, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். யாரோ பெற்ற ஒரு பெண்ணை மருந்து மாதிரி வேளைக்கு ஒன்று கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். சித்தி, செல்போனைப் பிடுங்கு என்றாள். வைட்டமின் என்றான் படித்த அத்தான். எல்லோரும் கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: வெளியே யாருக்கும் தெரியக் கூடாது.

அவளும் தெரியவிடவில்லை. கத்தல் கேட்டது என்று யாராவது கேட்டால், “டிவிங்க. சத்தமா வச்சுட்டான்,” என்பாள். வெளியே விசாரிக்க வேண்டியிருந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். ‘எங்க கீழ்வீட்டுக்காரருக்காகக் கேக்குறேன்.’ கீழ்வீட்டில் ஒரு கணக்கு மிஸ்ஸும் அவர் கணவரும் இருந்தார்கள். அந்த மனிதர் அதிகம் வெளியே வர மாட்டார், யாருடனும் பேச மாட்டார். அவர் தலையில் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

4

முட்டையை நிறுத்திய அன்று அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போனாள். கண்ணுக்கு அம்புக்குறி இருந்தது. எலும்புக்கு இருந்தது. காது, மூக்கு, பல், பிணவறைக்குக்கூட இருந்தது. அவளுக்கு வேண்டியதற்கு மட்டும் இல்லை. வாசல் காவலாளியிடம் மெல்லக் கேட்டாள். அவர் மெல்லப் பேசிப் பழகாதவர்.

“ஓ, மனசு சரியில்லாதவங்களுக்கா? யாருக்கு, உங்களுக்கா?”

வரிசையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. “ஐயோ, எனக்கில்லீங்க,” என்றாள். கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, கடைசித் தாழ்வாரம் என்று கையைக் காட்டினார்.

அங்கே ஒரு ஜன்னல், உள்ளே சீட்டு கொடுக்கும் பெண். வெளியே பெஞ்சுகளில் சுவரைப் பார்த்தபடி ஆட்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

“எங்க கீழ்வீட்டுக்காரருக்காகக் கேக்குறேங்க,” என்று ஆரம்பித்தாள். “மோட்டார் பேசுதுங்கிறாரு. சாப்பிட மாட்டேங்கிறாரு.”

“கீழ்வீட்டுக்காரருக்கு நீங்க எதுக்கும்மா வந்தீங்க? அவங்க வீட்டு ஆளுங்களை வரச் சொல்லுங்க. அடுத்தது!”

அடுத்தது நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

“என் வீட்டு விஷயத்தை இங்க வந்து பேச உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். கணக்கு மிஸ். கையில் டாக்டரைப் பார்க்கும் வரிசைச் சீட்டு. பக்கத்துப் பெஞ்சில் அவர் கணவர், மடியில் தண்ணீர் பாட்டிலோடு.

5

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு நடை நடந்து வந்தேன்.

மலர்க்காரருக்கு இதுவரை எழுதியதை அனுப்பியிருந்தேன். “பொய் சொன்னா அது நிஜமாவே இருந்துச்சுங்கிறது சினிமா மாதிரி இருக்கே. வாசகர் நம்ப மாட்டாங்க,” என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மிஸ்ஸை வெறும் வழிப்போக்கராக மாற்றிக்கூடப் பார்த்தேன். ஆனால் யோசித்தால் இதில் என்ன ஆச்சரியம்? எந்தக் கட்டடத்திலும் எந்த மாடியைக் கைகாட்டிப் பொய் சொன்னாலும், அது உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நாம் ஒருவருக்கொருவர் டிவி சத்தம் என்று சொல்லிக்கொள்வதால்தான் இது தற்செயல் மாதிரித் தெரிகிறது. நம்பாத வாசகர் தன் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளட்டும்.

தாழ்வாரத்துக்குத் திரும்புகிறேன்.

“நான் என் தம்பிக்காகத்தான் மிஸ் கேட்டேன்,” என்றாள் அவள். அந்த வாக்கியத்தை அவள் வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை.

“தெரியும்,” என்றார் மிஸ்.

“என்ன தெரியும்?”

“உன் தம்பின்னு தெரியும். அவன் முதல் நாள் கத்துனப்பவே தெரியும். நீங்க குடிவர்றதுக்கு முன்னாடி இவரும் அப்படித்தான் கத்துவார். அதே மோட்டாரைப் பாத்து.”

அவள் மிஸ்ஸை நெருங்கி வந்தாள். நன்றியால் என்று எழுதினால் மலர்க்காரர் மகிழ்வார். இல்லை, கோபத்தால்.

“ஒரு வருஷமா தெரிஞ்சுமா வாயைத் தெறக்கல? தெனம் படியில பாக்குறீங்க, தண்ணி வந்துச்சான்னு கேக்குறீங்க. இந்த எடம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிருக்கும்? அவன் எலும்பா நிக்குறான் மிஸ்!”

“நீ டிவின்னு சொன்னியே!” மிஸ் குரல் உடைந்தது. “நான் போய், ‘அது டிவி இல்லம்மா, எங்க வீட்லயும் உண்டு’ன்னு சொல்லணுமா? அடுத்த நாள் என்கிட்ட டியூஷனுக்கு எத்தனை பிள்ளைங்க வரும்? நீ என் வீட்டைச் சொல்லித்தானே இன்னிக்கு இங்க நிக்குற?”

(மிஸ்ஸை வில்லியாக எழுத ஆசையாக இருந்தது. கை ஓடவில்லை. அவர் சொன்ன கடைசி வாக்கியம் உண்மை.)

பெஞ்சில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

“தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடுதாம்மா?”

தலையாட்டினாள்.

“என்னையும் கூப்பிடும். அசிங்க அசிங்கமாத் திட்டும். இப்ப அது வெறும் மோட்டாருதான். எப்பவாவது கூப்பிட்டாலும், போடான்னு விட்டுடுவேன்.” தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார். “சாப்பிடலேங்கிறதை முதல்ல சொல்லு. உள்ள டாக்டரம்மா இருக்காங்க.”

மிஸ் தன் சீட்டை அவள் கையில் திணித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீ முன்னாடி போ,” என்றார். குரலில் கோபம் இன்னும் தணியவில்லை.

மாதக்கணக்கில் அவள் தேடியதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது. இதை எழுதும்போது எனக்குப் பேனாவை உடைக்கத் தோன்றுகிறது.

6

டாக்டரம்மா அவசரப்படுத்தாமல் கேட்டார். சாப்பாடு நின்றுபோயிருப்பதால் தள்ளிப்போட முடியாது, நாளைக் காலையே அழைத்து வாருங்கள் என்றார். இதுவும் ஒரு நோய், இதற்கு மருந்து உண்டு என்றார். “அவர் நம்புற ஆள் யாராவது கூட வந்தா சுலபமா இருக்கும். யாரை நம்புவாரு?”

‘என்னை இல்லை’ என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலை கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அந்த மனிதரிடம் அழுது கேட்டாள்.

மறுநாள் காலை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, தம்பி தன் அறையைத் தாழிட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். அவள் டிவி என்று யாரிடமும் சொல்லவில்லை. வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். கீழ்வீட்டுக்காரர் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி வந்தார். எதிர்வீட்டுக் கதவு விரலளவு திறந்தது. கீழே படியடியில் மிஸ், சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு.

அவர் அறைக் கதவைத் தட்டினார்.

“யாரு?”

“கீழ்வீடுப்பா.”

“உங்களை யாரு அனுப்புனா? அக்காவா?”

அவர் அக்காவைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கதவிடுக்கைப் பார்த்தார். பிறகு கட்டடத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

“உங்க அக்கா என்கிட்ட வந்து அழுதுச்சு. ஆனா நான் வந்தது அதுக்கில்ல. அந்த மோட்டாரு என்னையும் திட்டும்பா. எனக்கும் அந்த வியாதி இருக்கு.”

கத்தல் நின்றது. கீழே மிஸ் அவரை அடக்குவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மிஸ் படிக்கு அடியில் குனிந்து மோட்டாரை நிறுத்தினார்.

7

இப்போது முடிவு.

மலர்க்காரரின் முடிவு: தாழ்ப்பாள் திறக்கிறது, தம்பி புன்னகைக்கிறான், அடுத்த பத்தியில் டைல்ஸ் பதிக்கிறான். இன்னொன்று, விருது வாங்கும் முடிவு: தாழ்ப்பாள் திறக்கவில்லை, கதவை உடைக்கிறார்கள், உள்ளே

எழுத மாட்டேன். அதை எழுதிக் கைத்தட்டு வாங்கும் கையை வெட்ட வேண்டும்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை. திறந்தது என்றால் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். திறக்கவில்லை என்றால் ‘அடப் பாவமே’ என்று உச்சுக்கொட்டிவிட்டு, அப்போதும் புரட்டிவிடுவீர்கள். அவள் அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நேரம் எவ்வளவு நீளம் என்று கொஞ்சமாவது நின்று பாருங்கள். எதிர்வீட்டுக் கதவிடுக்கில் நிற்கிறவர் நீங்கள்தான்.

சில நாள் கழித்து அவள் போன் செய்தாள். “என் பேர் வேண்டாம். ஆனா அந்த இடத்தோட பேரை மட்டும் போடுங்க. ஜெனரேட்டர் ரூமைத் தாண்டிங்கிறதையும் போடுங்க.” போட்டேன். விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று மலர்க்காரர் அடித்துவிட்டார். அடித்த இடம் இது: [                    ]. இதை நிரப்ப வேண்டியது நீங்கள். உங்களுக்கு ஓர் இடம் தெரியும் என்று எனக்குத் தெரியும். எழுதுங்கள், எழுதிப் படிக்கட்டில் ஒட்டுங்கள்.

தெரியாதவர்கள் கேளுங்கள். வெட்கமில்லாமல், சத்தமாக, காவலாளியிடம், ஜன்னலில், டாக்டரிடம், எதிரே வருகிறவரிடம் கேளுங்கள். தயவுசெய்து, கீழ்வீட்டுக்காரருக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.