முன்வரிசைக்காரர்கள்

டிரம்பெட் அண்ணன் இறந்த மறுவாரம், அவர் வாசித்த அதே ஜாஸ் கிளப்பில் கூடினோம். முன்வரிசை எங்களுடையது, யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டிரம்பெட்டில் சேர்ந்த எச்சில் தண்ணீரை அவர் எங்கள் காலடியில்தான் வடிப்பார். பின்வரிசைக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

"எத்தன ஷூ நாசமாப் போச்சு! மனுஷன் ஒரு நாளாவது வருத்தப்பட்டிருப்பாரா?" என்று பொருமினார் தையற்காரர்.

"வீட்லயும் அதே கூத்துதான். தரையத் தொடச்சே என் இடுப்பு ஒடிஞ்சுது," என்று அண்ணி சிரித்தார்.

பிறகு அவருடைய ரெக்கார்டைப் போட்டார்கள். முதல் பாட்டின் கடைசி சுரம் தேய்ந்து அடங்கியது.

காலி மேடையைப் பார்த்தபடியே, முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் கால்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டோம்.