மலையில் தண்ணீர் குடிக்காதவர்கள்

என் மனைவி நாகலெட்சுமிக்கு முட்டி வலி. மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அவளுடைய போனில் அந்த மாத்திரை விளம்பரம் வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ஒருத்தி கூடையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி மலையில் ஓடுகிறாள். கூடையில் ஒரு கொழுந்து கிடையாது. வெறுங்கூடையோடு யார்தான் ஓட மாட்டார்கள்? கடைசியில் ஒரு குரல், இதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்கிறது.

கேட்டாள். ஹட்டனில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டர் முதலில் முடியாது என்றார். பிரஷருக்கு மருந்து குடிக்கிறவளுக்கு அது கூடாது, கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். இவள் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினாள். எழுதித் தராவிட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போவதாகவும் சொன்னாள்.

“வாறவங்க எல்லாம் இதையே கேக்குறாங்க. நான் எழுதலைன்னா இன்னொருத்தர் எழுதத்தான் போறார்” என்று அலுத்துக்கொண்டு அவர் பேனாவை எடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மலையில் எந்தப் பெண் தண்ணீர் குடிக்கிறாள்? அங்கே கக்கூஸ் கிடையாது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் குடித்த சாயத்தண்ணியோடு சரி, வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வரும்வரை வாயை நனைக்க மாட்டார்கள். அடக்கி அடக்கியே பழகிய உடம்பு. டாக்டர் மலையைப் பார்த்ததெல்லாம் கார் கண்ணாடி வழியாகத்தான்.

வலி போனது உண்மை. ஏழு மாத வயிற்றோடு அடுத்த நிரையில் பறிக்கும் எங்கள் மகள் வினோதாவே, தாயின் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு நாகலெட்சுமியின் முகம் ஊதியது, கால் வீங்கியது. இப்போதெல்லாம் ஒன்றுக்கே வருவதில்லை, மலையில் அவஸ்தை விட்டது என்று அவள் சந்தோஷமாகச் சொன்ன அன்றே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் மூத்திரக் குழாய் போட்டார்கள். கட்டிலோரம் தொங்கிய பையில் ஒரு சொட்டாவது விழாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிவரும், மிச்ச மாத்திரைகளைக் கொண்டுவாருங்கள் என்று நர்ஸ் சிங்களத்தில் சொன்னார்.

மாத்திரை எங்கே என்று நாகலெட்சுமியிடம் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

“வினோதா இடுப்பு வலிக்குதுன்னு அழுதுச்சிங்க. மிச்சத்தை அதுகிட்ட குடுத்துட்டேன்.”

உடனே மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடுப்பகல், மலையில்தான் நிற்பாள். அவளிடம் ஓடுவதா, இவள் பக்கத்தில் இருப்பதா என்று தெரியவில்லை. வெறும் பையைப் பார்த்தபடி மறுபடியும் மகளுடைய நம்பரை அழுத்தினேன்.