கழற்றாத டிரம்

விடிந்தும் விடியாத நேரத்தில் பட்டறையின் சிமெண்டுத் தரை சில்லென்று கிடக்கும். அதில் முதுகைப் போட்டுப் படுப்பதுதான் அன்றைய முதல் வேலை. அந்த மெக்கானிக்கை எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தாழ்ந்த வண்டியானாலும் சத்தமில்லாமல் அடியில் நுழைந்துவிடுவான். அன்று ஒரு வெள்ளைக் கார். லீவரை உச்சிவரை இழுத்தாலும் சரிவில் நிற்கவில்லை என்று புகார். துருவும் காய்ந்த சேறும் கண்ணில் உதிர, ஹேண்ட்பிரேக் கேபிளைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள பிரேக் டிரம்மை இழுத்தெடுத்து, உள்ளே சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூவின் லைனிங் பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அட்ஜஸ்டரைத் திருகி, ஷூ டிரம்மை லேசாக உரசும்படி வைக்க வேண்டும். கேபிளைத் தொடுவது அதற்குப் பிறகுதான். ஒழுங்காகச் செய்தால் காலைப்பொழுது அதிலேயே போய்விடும். முதலாளி கொடுத்திருப்பதோ கால் மணி நேரம்.

"லீவருக்குக் கீழ நட்டு இருக்குல்ல? அதை முறுக்கிவிடு. லீவர் விறைப்பா நின்னாப் போதும். வண்டிக்காரனுக்கு அதுதான் தெரியும்" என்பது முதலாளியின் பிரேக் சாஸ்திரம். நாள் கூலியை எடுத்துவிட்டு வண்டிக்கு இவ்வளவு என்று ஆக்கியதும் அவர்தான். அதிலிருந்து எல்லோருக்கும் வேலை கூடியது, கூலி தேய்ந்தது.

பூனை நட்டை முறுக்கினான். லீவர் விறைத்தது. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான்.

அந்தக் கோட்டுக்கு ஓர் அர்த்தம் உண்டு. பட்டறை முற்றம் வாசலை நோக்கிச் சரிந்த இடம். வண்டிகளை அடிக்கடி தள்ளி நகர்த்த வேண்டியிருப்பதால் யாரும் கியரில் விடுவதில்லை. சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பார்கள். கோடு போட்ட வண்டிக்குக் கட்டை வேண்டாம். கூட வேலை செய்கிற ஒருவன் ஹேண்ட்பிரேக்கைப் பார்த்துவிட்டான், நம்பி முன்னால் உட்காரலாம் என்று பொருள். முதலாளி போட்ட விதி இல்லை இது. உழைக்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அந்தக் காருக்கு முன் பம்பரிலும் நெளிசல் இருந்தது. நெளிசல் எடுக்க வந்து உட்கார்ந்தவன் பூனையின் தங்கை புருஷன். பூனை மாப்பிள்ளை என்று கூப்பிட, பட்டறை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவன் எல்லோருக்கும் மாப்பிள்ளைதான். சுத்தியல் ஒவ்வொரு தட்டுக்கும் வண்டியை லேசாக உலுக்கியது. திடீரென்று வண்டி நகர்ந்தது. எழுந்திருக்க அவனுக்கு நேரமில்லை. வாசல் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அவன் கால் மாட்டிக்கொண்டது. அலறலைக் கேட்டு எல்லோரும் ஓடிவந்து வண்டியைப் பின்னால் தள்ளினார்கள்.

ஆம்புலன்ஸ் போன கையோடு முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார்.

"கட்டை எங்க? கட்டை வைக்காம வண்டிக்கு முன்னாடி உக்காந்தது அவன் தப்பு. பட்டறை இதுக்குப் பொறுப்பில்ல. என்ன பூனை, நீதானே பிரேக் பார்த்தே? சரியாத்தானே இருந்துச்சு?"

பூனை தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினான். அந்தத் தலையில் அப்போதே யாராவது ஓங்கி ஒரு குட்டு வைத்திருக்கலாம்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது தனியாக டிரம்மைக் கழற்றிப் பார்த்தான். லைனிங் ரிவெட் ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்து, கசிந்த எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இதை வைத்துக்கொண்டு சைக்கிளைக்கூட நிறுத்த முடியாது. யாரும் பார்ப்பதற்குள் அவசர அவசரமாக மூடினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். கால் முழுக்க மாவுக்கட்டு. பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"இவரை வேலைக்கு இனிமே வர வேண்டாம்னு முதலாளி சொல்லி அனுப்பிட்டாரு அண்ணா. வைத்தியச் செலவும் நம்ம தலைலதானாம். நீ கொஞ்சம் பேசிப் பாரேன்."

"அவர் என்ன பண்ணுவாரு? கட்டை வைக்காதது நான்தானே" என்றான் மாப்பிள்ளை. வலியிலும் சிரிக்கப் பார்த்தான். "டயர்ல கோட்டைப் பார்த்தேன் மச்சான். உன் கோடுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு, கோணலா இழுப்பியே. வேற எவன் கோடா இருந்தாலும் ஒரு கட்டையைச் சொருகியிருப்பேன்."

பூனைக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனவன் நேரே வீட்டுக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் தங்கை டீக்குக் காத்திருப்பாள் என்ற நினைப்பு அவனைச் சாப்பிட விடவில்லை.

மறுநாள் காலையிலும் ஹேண்ட்பிரேக் வேலைதான் முதலில் வந்தது. வண்டிக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூனை ஜாக்கியை உருட்டி வந்து பின்பக்கத்தைத் தூக்கினான்.

"என்ன பண்றே?" முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"டிரம்மைக் கழட்டுறேன்."

"நட்டை முறுக்கி அனுப்புன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அப்படி முறுக்கித்தான் மாப்பிள்ளை காலை உடைச்சேன்."

பட்டறையில் தட்டுகிற சத்தம், தேய்க்கிற சத்தம் எல்லாம் நின்றது. அப்போதுதான் பூனை வாசலைப் பார்த்தான். தங்கை நின்றிருந்தாள். முதலாளியிடம் கெஞ்ச வந்திருக்கிறாள். இத்தோடு நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்கே அவனுக்குக் கூசியது.

"அவன் தப்பு எதுவும் இல்ல" என்றான் உரக்க. "நான் டிரம்மைத் திறக்கவே இல்ல. திறக்காம கோடு போட்டேன். நேத்து நீங்க கேட்டப்ப தலையையும் ஆட்டினேன்."

முதலாளி சிரித்தார். "நல்லதாப் போச்சு. உன் வாயாலயே ஒத்துக்கிட்டே. உன் மச்சானுக்கு நீயே பதில் சொல்லிக்கோ. கிளம்பு."

பெயிண்டர் முகத்துணியைக் கழற்றினார். பட்டறையிலேயே மூத்த ஆள் அவர். "அப்போ நானும் கிளம்பணும் முதலாளி. துருவைச் சுரண்டாம மேலயே பெயிண்ட் அடிக்கிறேன். நீங்க சொல்லித்தான்."

"எரிஞ்ச வயருக்கு டேப் சுத்திக் கொடுக்கிறேன் நான்" என்றார் எலக்ட்ரீஷியன். "ராத்திரி படுத்தா அந்த வண்டிங்கதான் ஞாபகத்துக்கு வருது."

வண்டி கழுவுகிற அக்கா குழாயை மூடிவிட்டு வந்தாள். "எனக்கு பிரேக்கும் தெரியாது, வயரும் தெரியாது. ஆனா கால் மணி நேரத்துக்குள்ள முடின்னு இவர் கத்துறதைத் தினம் கேக்கிறேன். எங்க வேணா வந்து சொல்றேன்."

"எல்லாரும் சேர்ந்து மிரட்டுறீங்களா?" முதலாளியின் குரல் ஏறியது. "ஆள் கிடைக்காதுன்னு நினைப்பா? நாளைக்கே வேற ஆளுங்களைக் கொண்டாந்து நிறுத்துவேன்!"

நாற்காலியில் இருந்த வண்டிக்காரர் மெதுவாக எழுந்தார். "போன தடவையும் என் வண்டி இங்கதான் வந்துச்சு. என் பொண்ணு ஓட்டுற வண்டி. அப்பவும் திறக்கலையா?"

முதலாளி பூனையை முறைத்தார்.

"திறக்கல சார்" என்றான் பூனை.

தங்கை முற்றத்தைக் கடந்து வந்தாள். அவளுக்கு எல்லோரும் வழி விட்டார்கள். அண்ணனின் முன்னால் நின்றாள். அறைவாள் என்றுதான் அவன் நினைத்தான். அறைந்தால் தேவலை என்றும் நினைத்தான்.

"உன்கிட்ட கேக்க வேண்டியதை வீட்டுல வந்து கேட்டுக்கிறேன் அண்ணா" என்றாள். கண்ணில் நீர் நின்றது, குரல் உடையவில்லை. "இப்ப இவர்கிட்ட கேக்க வேண்டியதை நீ கேளு."

அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. முதலாளியின் பக்கம் திரும்பினான்.

"மாப்பிள்ளையோட வைத்தியச் செலவு முழுக்க பட்டறை ஏத்துக்கணும். கால் சரியானதும் அவன் இங்கதான் வேலைக்கு வருவான். இதுக்கு நீங்க ஒத்துக்கணும். அதுவரைக்கும்..."

வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அவன் விட்ட இடத்திலிருந்து பெயிண்டர் பேசினார்.

"அதுவரைக்கும் எங்கள்ல ஒருத்தரும் வேலையில கை வைக்க மாட்டோம்."