எங்கட தாத்தா

கஜேந்திரன் தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. கக்கூசுக்குப் போனாலும் போனைக் கையோடு கொண்டு போகிற மனுஷன், அன்றைக்கு என்ன மறதியோ, காம்பிராவுக்குள் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போயிருந்தான். சுதர்ஷினி எடுத்தாள். கட்டின பெண்சாதி எடுக்காமல் வேறு யார் எடுப்பது?

“தாத்தா ஈக்கியா?” சின்னப் பெண்பிள்ளை ஒன்றின் குரல்.

“எந்தத் தாத்தா?”

“எங்கட தாத்தா. தாத்தாக்குக் குடுங்க. இந்தக் கெழம ஊட்டுக்கு வாரல்லயா?”

“நீ யாரு பாப்பா?” என்று சுதர்ஷினி கேட்டதுதான் தாமதம், அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். தோட்டத்து லயத்து வீடுகளில் தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். அவள் புருஷனுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனால் சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஓப்பநாயக்கத் தோட்டத்தில் பிறந்து சிங்களப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை பேசிய தமிழையும் பாருங்கள். ஈக்கியாவாம், வாரல்லயாவாம்! அம்மா சிங்களத்தி, அப்பன் தமிழன், நடுவில் பிறந்த பிள்ளை இப்படித்தான் இரண்டையும் போட்டுக் குழப்பும்.

சுதர்ஷினி நம்பரைப் பார்த்தாள். கேகாலை நம்பர். கரவனெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவன் அவிசாவளை வழியாகப் போவான். கேகாலை வேறு திசை. யுத்தம் திரும்பவும் மூண்டு, பாதைக்குப் பாதை சோதனைச் சாவடி போட்டிருந்த காலம் அது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறவன் வேலை இல்லாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டான். கஜேந்திரன் கேகாலை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணோடு நின்றதைக் கண்ணால் கண்டதாக அடுத்த காம்பிரா வெள்ளையம்மா முன்பே சொல்லியிருந்தாள். வெள்ளையம்மா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்று சுதர்ஷினிக்குத் தெரியும். இப்போது எந்தப் பாதியைத் தள்ளுவது என்றுதான் தெரியவில்லை.

அவன் நல்ல புருஷனாகத்தான் இருந்தான். தொண்ணூற்றிரண்டில் தோட்டத்துக் கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டி, வசனத்தை மறந்து, மறந்ததே தெரியாமல் பத்து நிமிஷம் சொந்தமாகப் பேசிச் சமாளித்தவன். அதைப் பார்த்துத்தான் அவள் அவனுக்குக் கழுத்தை நீட்டினாள். பிறகு கொழும்பு மேடைகள் வந்தன, பரிசுகள் வந்தன. காலையில் ரப்பர்ப் பால் வெட்டிவிட்டுப் பின்னேரம் ஒத்திகைக்கு ஓடுவான். இப்போது டெலிவிஷன் நாடகம் ஒன்றில் கதாநாயகன். கதாநாயகி தர்மிளா என்ற ஒரு புதுப் பெண். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இரண்டு பேருடைய படமும் வந்திருந்தது. தர்மிளா பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்து அவன் தோளில் சாய்ந்திருந்தாள். நடிப்புத்தானே என்று சுதர்ஷினி அதை வெட்டி எடுத்து வைத்தாள்.

நடிகனைக் கட்டினவளுக்கு ஒரு தொல்லை உண்டு. புருஷன் பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது. பொய்யை மெய்போலச் சொல்வதுதானே அவன் தொழில்! சில நாளாக அவன் போனை எடுத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் போய்ப் பேசினான். ஒருநாள் பின்னாலேயே போய்க் கேட்டாள். சிங்களத்தில், தொண்டையைக் கனக்க வைத்துக்கொண்டு, பெரிய துரை மாதிரிப் பேசிக்கொண்டிருந்தான். அது அவன் குரலே இல்லை. யாரிடம் பேச இந்தக் குரல்? அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் ஒரு கதை சொல்லுவான், தானும் நம்பிவிடுவோம் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்தவன் ஈரத் தலையோடு, “போன் ஏதும் வந்துச்சா?” என்று கேட்டான்.

“இல்லீங்களே,” என்றாள். அவளுக்கும் நடிக்க வந்தது.

அவன் ஷூட்டிங்குக்குப் புறப்பட்டுப் போனதும் சுதர்ஷினி கரவனெல்லை டவுனுக்குப் போய்த் தொலைபேசிக் கடையிலிருந்து அந்த நம்பரை அழைத்தாள். “கவுத?” என்று ஒரு பெரிய பொம்பளை சிங்களத்தில் யாரென்று கேட்டாள். சந்தேகமே இல்லை, சிங்களத்திதான். சுதர்ஷினி கூசாமல் சிங்களத்தில் அளந்தாள். கொழும்பிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, விலாசம் சரியில்லை என்றாள். அந்த அம்மாள் விலாசத்தை ஒப்புவித்துவிட்டு, ஸஹாப்தீன் ஹாட்வெயார் என்றால் யாரும் காட்டுவார்கள், அதற்குப் பின்வீடு என்றாள்.

முஸ்லிம் ஆளுடைய வீடா? சந்தேகப்படுகிற மனசுக்கு அது ஒரு தடையா என்ன! வாடகைக்கு இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். பிள்ளைகளை வெள்ளையம்மாவிடம் விட்டாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, பத்திரிகைப் படத்தைக் கைப்பையில் வைத்துக் கேகாலை பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது ஒரு சிறுமி. தலையில் வெள்ளை முந்தானை, மதரஸாவுக்குப் போகப் புறப்பட்டு நின்றாள். சுதர்ஷினி அவள் முகத்தையே பார்த்தாள். மூக்கு கஜேந்திரனின் மூக்கேதான். காதுகூட அவனுடையதுதான் என்று பட்டது.

“போன்ல பேசினது நீதானே? ஒன் பேரு என்னா?”

“ஹபீலா.”

உள்ளேயிருந்து தாயும், சாரத்தை மடித்துக் கட்டியபடி தகப்பனும் வந்தார்கள். “யாரு தங்கச்சி? யாரத் தேடி வந்தீங்க?” என்று ஸஹாப்தீன் தமிழில் கேட்டார். சுதர்ஷினிக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. பஸ்ஸில் முழு வழியும் அடக்கி வைத்திருந்த ஆத்திரம். படத்தை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாத்துச் சொல்லு. ஒங்க தாத்தா இதுல இருக்காரா?”

ஹபீலாவின் முகம் மலர்ந்தது. விரலை வைத்தாள். கஜேந்திரன்மேல் அல்ல, அவன் தோளில் சாய்ந்திருந்தவள்மேல்.

“இந்தா ஈக்கி, எங்கட தாத்தா! உம்மா, பாருங்களே, ஸும்றா தாத்தா பூவெல்லாம் வெச்சி...”

சொல்லிக்கொண்டே வந்த பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்தியது. சுதர்ஷினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா எப்படிப் பொம்பளையாக இருப்பாள்?

“அவட மூத்த ராத்தாவத்தான் அப்படிச் சொல்ற,” என்றாள் தாய் சுரத்தில்லாமல். “நாங்க அக்காவத் தாத்தா என்டுதான் கூப்புடுற.”

ஸஹாப்தீன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், அந்நிய ஆணின் தோளைப் பார்த்தார். அடியில் அச்சடித்திருந்த தர்மிளா என்ற பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“எங்கட மகள் கொழும்புல ஒபிஸ் ஒன்டுல வேலை செய்ற. மெனேஜர் மஹத்தயாவோட நான் எத்தின தரம் போன்ல பேசியிருக்கன்,” என்றார். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “அப்ப அந்த மெனேஜர் யாரு?”

ரப்பர் மரங்களுக்குள் கேட்ட கனத்த குரல் யாருடையது, யாருக்கானது என்று சுதர்ஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தங்கச்சி. தூரத்துல இருந்து வந்திருக்கீங்க,” என்றார்.

அந்த வாரமே ஸும்றாவை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். கஜேந்திரன் வந்தான். அவன் கத்துவான், அடிக்கக்கூடச் செய்வான் என்று சுதர்ஷினி எதிர்பார்த்திருந்தாள்.

“கேகாலைக்குப் போனியாமே,” என்றான்.

“நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“அந்தப் புள்ள யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. ஒபிஸ் நம்பர்னு என் நம்பரத்தான் வீட்டுல குடுத்திருந்துச்சு. சனிக்கெழமல தனியா போக பயம்னு கேகாலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அவ்வளவுதான்.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “நீ கேட்டிருக்கலாம்.”

அதற்குமேல் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓப்பநாயக்கவில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஸும்றாவை நிக்காஹ் செய்து கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோதும் சும்மா இருந்தான். மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் தாரம். சுதர்ஷினிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளையின் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று அழுதாள்.

கதாநாயகி இல்லாமல் நாடகத்தை எப்படி நடத்துவது? பஸ் விபத்தில் அவளைச் சாகடித்துவிட்டார்கள். அந்தக் காட்சி ஒளிபரப்பான பின்னேரம் லயமே சுதர்ஷினியின் காம்பிராவுக்குள் கூடியிருந்தது. திரையில் கஜேந்திரன் செத்துப்போன பெண்சாதியின் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். வசனம் ஒன்றுமில்லை. மூக்கு ஒழுக, முகம் கோணிப்போய், பார்க்கிறவர்களுக்கே சங்கடமாகும்படி அழுதான். பதினாலு வருஷமாக அவன் மேடையில் அழுவதைச் சுதர்ஷினி பார்த்திருக்கிறாள். இப்படி அழுது ஒருநாளும் பார்த்ததில்லை.

வெள்ளையம்மா மூக்கைச் சிந்தினாள். “என்னா நடிப்பு தம்பி! எங்க படிச்ச இப்பிடி அழுவ?”

கஜேந்திரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னிக்கு நான் நடிக்கல அக்கா.”

மெனேஜர் வேஷம் கட்டிப் பாவம் செய்துவிட்டோமே என்று அழுதானா, இல்லை ஸும்றாமேல் மனசு வைத்துத்தான் அழுதானா? இரண்டு சொல்லில் கேட்டுவிடலாம். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சுதர்ஷினி அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் கேகாலைக்கு பஸ் ஏறியவள், இனி எந்த முகத்தோடு கேட்பாள்? எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள்.