ஊமையக்காவின் ஏழரை மணி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எந்த மகராசன் சொல்லிவைத்தானோ, அவனைக் கொண்டுவந்து ஒரே ஒரு நாள் அவளுடைய நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, திரையில் அழைப்புகளைத் திறந்துவிட்டால் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எனக்கு வாயே வேண்டாம் சாமி என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பான்.

வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவள் ஏழு வருஷமாக இருக்கிறாள். யார் வீட்டில் லைன் போனாலும் முதல் திட்டு அவளுக்குத்தான். அதைச் சரிசெய்வது அவள் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் வண்டியில் சுற்றுகிறார்கள், அல்லது சுற்றுவதாகச் சொல்கிறார்கள். புகாரைக் கேட்டு, எழுதி, ஒரு எண்ணைக் கொடுத்து, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவார் என்று சொல்வதுதான் அவள் வேலை. ஆள் வந்தாரா வரவில்லையா என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் வரவில்லை என்றால் மறுபடி அவளுக்குத்தான் போன் வரும்.

ஒரு நாளைக்குத் தொண்ணூறு, நூறு குரல்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அதே வாசகம்: "வணக்கம், எங்களை அழைத்ததற்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" இதில் ஒரு சொல் குறைந்தாலும் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்பார். அழுதுகொண்டு சொன்னாலும் பரவாயில்லை, முழுசாகச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது தொண்டை காய்ந்து, நாக்கு செருப்புத்தோல் மாதிரி ஆகியிருக்கும். கணவன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நல்ல மனுஷன்தான். பகலெல்லாம் மிஷினோடு இருந்துவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்ததும் நாலு வார்த்தை பேசத் துடிப்பான்.

"ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிற, எனக்குன்னா மட்டும் வாய்தா போடுற," என்பான்.

"தலை ஆட்டினேனே, பாக்கலியா?" என்பாள் அவள். அதுவே அவளுக்குப் பெரிய சொற்பொழிவு.

சரியாக ஏழரை மணிக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஏழரை என்றால் மற்றவர்களுக்கெல்லாம் சனிதான் ஞாபகம் வரும். அவளுக்கோ சனி விலகுகிற நேரமே அதுதான். ஏழரையிலிருந்து எட்டரை வரை விளையாட்டு. முப்பத்தெட்டு வயதுப் பொம்பளைக்கு வீடியோ கேம் ஒரு கேடா என்று அவள் நாத்தனார் கேட்டதுண்டு. கேட்கட்டும். நாத்தனார் தினமும் மூன்று சீரியல் பார்க்கிறாள், அதை யாரும் கேட்பதில்லை.

நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒரு கல்மாளிகை, அதற்குள் அறை அறையாகப் பூதங்கள். ஒருவர் அடிப்பார், ஒருவர் கேடயம் பிடிப்பார், ஒருவர் சுவரேறி வழி பார்ப்பார், நாலாவது ஆள் வைத்தியர். அவள்தான் வைத்தியர். யாராவது அடிபட்டு விழுந்தால் பக்கத்தில் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பச்சை வெளிச்சம் எழும்பும், விழுந்தவர் எழுந்து நிற்பார், "நன்றிக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடுவார். கைமேல் பலன் என்றால் இதுவல்லவா! பகலெல்லாம் நூறு பேர் அவளிடம் வந்து விழுகிறார்கள். ஒருத்தரையாவது தூக்கி நிறுத்தினோம் என்று அவளால் சொல்ல முடியுமா?

அதைவிடப் பெரிய சுகம், அங்கே அவள் பேச வேண்டியதில்லை. சேர்ந்த முதல் நாள் மற்ற மூன்று பேரும் மைக் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்று தட்டினாள். பச்சைப் பொய். தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டிலேயே நல்ல மைக் இருந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் ஊமையக்கா. அந்தப் பெயரை யார் முதலில் சொன்னார்களோ, அவர்களுக்குக் கோயில் கட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மற்ற மூவரில் கேடயம் பிடிப்பவர் டியூஷன் எடுக்கிறவர். வாத்தியார் என்றே பெயர். சுவரேறுகிறவள் கல்லூரிப் பெண், பல்லி. அடிப்பவன் சுத்தியல். பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி முதலில் விழுகிறவன். குணத்தில் தங்கம். யார் தப்பு செய்தாலும், "விடுங்க விடுங்க, இன்னொரு தடவை போலாம்," என்பான். பாவம், அவன் லைன்தான் சரியில்லை. ஆட்டத்தின் நடுவே திடீரென்று சிலைபோல் நின்றுவிடுவான். திரும்பி வரும்போது, "மன்னிச்சுக்கோங்கப்பா," என்பான்.

இப்படி எட்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல், ஐம்பதாவது அழைப்போ என்னவோ, அவள் வாசகத்தை முடிக்கும் முன்பே எதிர்முனை வெடித்தது.

"என்ன உதவப் போறீங்க? மூணு தடவை புகார் கொடுத்தாச்சு! தினமும் சாயங்காலம் ஏழரையிலேருந்து எட்டரை வரைக்கும் விட்டு விட்டு லைன் கட்டாகுது. அந்த நேரத்துல எனக்கு எவ்வளவு முக்கியமான வேலை இருக்கு தெரியுமா?"

ஹெட்செட்காரர்களுக்குக் காதுதான் கண். ஒரு குரலைக் கேட்டால் ஆள் உட்கார்ந்து பேசுகிறானா நின்று பேசுகிறானா என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். சுத்தியல்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். புகாரை மறுபடி பதிவு பண்றேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துல…"

"இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க? கிளிப்பிள்ளைகூட நாலு வார்த்தை மாத்திப் பேசும். உங்களை மாதிரி ஆளுங்களையெல்லாம் எந்தப் புண்ணியவான் வேலைக்கு வச்சான்? கொஞ்சமாவது மூளை, மனசாட்சி ஏதாவது இருக்கா?"

இதைவிட மோசமாகத் திட்டியவர்கள் உண்டு. அவளுக்கு அது பழகிப்போன சங்கதி. திட்டுகிறவன் யாரோ, வாங்குகிறவள் யாரோ என்று உதறிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவாள். இது அப்படி உதறவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் இதே குரல், "அக்கா இருக்கிறவரைக்கும் நமக்கென்ன பயம்!" என்று சொன்னது.

அன்று ஏழரைக்கு அவள் உட்கார்ந்தாள். உட்காராமல் இருக்க முடியவில்லை. நாளில் அந்த ஒரு மணி நேரம்தானே அவளுக்கென்று இருந்தது. வழக்கம்போல் சுத்தியல் முதலில் ஓடினான், முதலில் விழுந்தான். அவள் பக்கத்தில் போனாள். பொத்தான்மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை. கிட, நல்லாக் கிட. மூளையும் மனசாட்சியும் எனக்கு இருக்கா இல்லையான்னு கிடந்து யோசி. அவனுடைய உயிர்க்கோடு தேய்ந்து தேய்ந்து அணைந்தது. அதைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

"அக்கா ஏன் தூக்கல?" என்றாள் பல்லி.

"விடுங்கப்பா. அக்கா அசதியா இருப்பாங்க. எந்த ஆபீஸ்ல என்ன பாடு படுறாங்களோ," என்றான் சுத்தியல்.

இனித்ததெல்லாம் ஒரே நொடியில் கசந்துபோனது. அடப்பாவி, எந்த ஆபீஸ் என்று உனக்குத் தெரியாதே! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்கு எழுந்தாள். வாயைத் திறக்காத வரைக்கும் இரண்டு பேரும் பிழைத்தோம் என்று முடிவு செய்தாள். அவனுக்கு அக்கா இருப்பாள், அவளுக்கு இந்த இடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாளிகையின் கடைசி அறைக்கு வந்தார்கள். மூன்று வாரமாக முட்டிமோதிய அறை. பூதத்தின் உயிர் நூலளவுதான் மிச்சம். தரையில் சில கற்கள் பொய்க்கற்கள்; காலை வைத்தால் பாதாளம். சுத்தியல் அடிக்கிற வெறியில் நேராக ஒரு பொய்க்கல்லை நோக்கி ஓடினான். மற்ற இருவரும் கவனிக்கவில்லை. தட்டச்சு செய்ய நேரமில்லை. அவள் தன்னையறியாமல் மைக் பொத்தானை அழுத்தி நில்லு என்று கத்த வாயைத் திறந்தாள்.

தலையில் ஹெட்செட். விரலடியில் பொத்தான். ஏழு வருஷப் பழக்கம். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வணக்கம், எங்களை அழைத்ததற்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

சுத்தியல் அப்படியே நின்றுவிட்டான். இந்தத் தடவை லைன் போகவில்லை. ஆள்தான் உறைந்துபோனான். பொய்க்கல் அவன் காலுக்கு ஒரு அடி முன்னால் இருந்தது. வாத்தியார் கிடைத்த சந்து பார்த்துப் பூதத்தை முடித்தார். கதவு திறந்தது. பல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அக்கா! ஊமைக்கு வாய் வந்தா இப்படியா வரணும்!"

சுத்தியல் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா," என்றான் மெல்ல. "செவ்வாய்க்கிழமை… அது நீங்களா?"

ஆமாம் என்று தட்டினாள்.

"அக்கா, நான் மனுஷனே இல்ல. உங்களைப் போய் அப்படிப் பேசிட்டேனே. காலைல எங்க வேலை இடத்துல ஒருத்தன் என்னைத் திட்டினான், அதை அப்படியே கொண்டுவந்து உங்க மேல கொட்டிட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

குரல் உடைந்திருந்தது. நடிப்பில்லை, அவள் காதுக்குத் தெரியாதா? ஏழு வருஷத்தில் யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவள்தான் நாளுக்கு நூறு தடவை கேட்பாள். நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு கல் இறங்கியது. கண்ணில் நீர் முட்ட, "பரவால்ல தம்பி," என்றாள், தன் சொந்தக் குரலில். எட்டு மாதத்தில் தன் பேச்சாக அங்கே பேசியது அதுதான் முதல் தடவை. அது நன்றாகக்கூட இருந்தது.

பிறகு சுத்தியல் தொண்டையைச் செருமினான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா… அந்தப் புகார் இப்ப எந்த நிலைமைல இருக்கு?"

அந்தப் புகாரை அவள் அன்று பகலிலேயே எடுத்துப் பார்த்திருந்தாள். ஆள் வராமலே, வந்து சரிசெய்ததாக எழுதி மூடிவிட்டார்கள், நாளைக்குத் திரும்பத் திறக்கச் சொல்லு என்றாள். ஆபீஸில் சொல்லக்கூடாத உண்மை. அதைச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

"அப்படியா சங்கதி!" என்றார் வாத்தியார். "எங்க வீட்டுலயும் ரௌட்டர்ல சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்மா. அது என்னன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

"அக்கா, ஹாஸ்டல்ல மாடிக்கு மட்டும் சிக்னலே வரல," என்றாள் பல்லி.

திறந்த கதவுக்குப் பின்னால் பொக்கிஷ அறை பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் ரத்தம் சிந்திய நாலு பேரும் வாசலில் நின்று ரௌட்டரைப் பற்றிப் பேசினார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. அந்த வித்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பொக்கிஷத்தை எடுக்க ஆட்டம் கொடுத்த நேரம் முடிந்து கதவு மூடிக்கொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஜெயிச்சியா?" என்றான் கணவன், அவள் எழுந்து வந்தபோது.

"ஓவர்டைம் பாத்தேன்," என்றாள்.

மறுநாள் ஏழரைக்கு அவள் உள்ளே நுழைந்தபோது மாளிகை வாசலில் அவர்களோடு புது ஆள் ஒருவன் நின்றான். கையில் கத்தி இல்லை, உடம்பில் கவசம் இல்லை; அப்போதுதான் பெயரைப் பதிந்துகொண்டு வந்த உருவம்.

"அக்கா, இவரு என் மச்சான்," என்றான் சுத்தியல், பெருமையாக. "ஆட்டமெல்லாம் தெரியாது. நான்தான் சொன்னேன், நம்ம அக்காகிட்ட நேரா சொன்னா வேலை நடக்கும்னு."

"வணக்கம் மேடம்!" என்றான் மச்சான். "எங்க லைன் போய் ஒன்பது நாளாச்சு, பக்கத்து வீட்டு வைஃபையில வந்திருக்கேன்…"

அவன் குரலில் கோபமில்லை. மரியாதையாகத்தான் பேசினான். அவர்கள் எல்லோருமே நல்லவர்கள், அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவர்களாக இருந்திருந்தால் அவள் ஹெட்செட்டைத் தூக்கி எறிந்திருப்பாள். இப்போது மெல்லக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கழற்றிய பிறகும் அதற்குள்ளிருந்து மச்சானின் குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் ஆட்டத்தை மூடினாள். மணி ஏழு நாற்பது.

கணவன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன, அதுக்குள்ளயா?"

"என் இடம் போச்சுங்க," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். என்ன செய்வதென்று அவனுக்குப் புரியவில்லை. "வேற ஆட்டமே இல்லையா? ஆயிரம் இருக்குமே?"

"இருக்கு. அங்கயும் மனுஷங்கதான இருப்பாங்க," என்றாள் அவள்.

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். எட்டரை வரை இருவரும் அணைந்த திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.