கடைசிப் பத்து நிமிடம்

படம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே துடைப்பமும் குப்பைப் பையுமாகக் கதவோரம் வந்து நின்றுவிட வேண்டும். அந்தத் தியேட்டரில் துப்புரவுக்காரர்களுக்கு அதுதான் சட்டம். மூன்று வருடமாக நின்றதில் நாகர்கோவிலுக்கு வந்த எத்தனையோ படங்களின் முடிவு பிரிஜாவுக்குத் தெரியும். யார் எதற்காக அழுகிறார்கள் என்பதுதான் தெரியாது. தொடக்கம் பார்த்த படம் ஒன்றுகூட இல்லை.

யானைக்குட்டிப் படம் வந்து இரண்டு வாரமாகிறது. வழிதவறிய குட்டியைக் கடைசியில் ஒரு சின்னப் பெண் தாய்யானையிடம் கொண்டுசேர்ப்பாள். தினமும் நாலு தடவை கொண்டுசேர்த்தாள். பிள்ளைகளோடு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி வெளியே போவார்கள். பிரிஜா உள்ளே போய்ப் பாப்கார்ன் கூட்டுவாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அஞ்சு விடவில்லை. கிளாஸில் எல்லாரும் பார்த்தாயிற்றாம். அம்மா வேலை பார்க்கிற தியேட்டரில் ஓடும் படத்தை மகள் பார்க்கவில்லை என்றால் எந்தப் பிள்ளைதான் பொறுக்கும்?

காலாண்டு லீவில், தன்னுடைய வார விடுமுறை நாளில், பிரிஜா இரண்டு டிக்கெட் எடுத்தாள். கல்யாணங்களுக்கு உடுத்துகிற சேலையை உடுத்தி, மகளுக்குப் பிச்சிப்பூ வைத்து, முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். அத்தனை சீட்டின் அடிப்பக்கமும் அவளுக்குப் பழக்கம், உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் ஏன் கிழிந்த குடையோடு நிற்கிறாள் என்பது இரண்டு வாரமாகப் புரியாத சங்கதி. குட்டி அதை மிதித்துக் கிழித்தபோது பிரிஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அஞ்சு அவள் வாயைப் பொத்தினாள். இப்படி இருவரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அதே வரிசையின் மறுகோடியில் ஒரு பையன் வாந்தியெடுத்தான். அவனுடைய அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு, வழிநெடுகச் சிந்த, வரிசை முழுக்கக் கடந்து வெளியே ஓடினார். சற்று நேரத்தில் சூப்பர்வைசர் செல்வதாஸ் டார்ச்சோடு வந்தார். வெளிச்சம் தரையில் ஊர்ந்து வந்து பிரிஜாவின் முகத்தில் நின்றது.

"பிரிஜா, வா. ஜெஸ்பின் ஒத்தைக்கு மூணு ஸ்கிரீனும் பாக்கா. வேற ஆளு இல்ல."

"இன்னைக்கு எனக்கு லீவாக்கும் சார். டிக்கெட் எடுத்துல்லா வந்திருக்கேன்."

"நாளைக்கு வேலைக்கு வரணும்னா இப்ப எழும்பு."

அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மானம் போயிற்று. போன மாதம்தான் துப்புரவுக் கான்ட்ராக்டர் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். இருவரிடமும் காரணம்கூடச் சொல்லவில்லை.

அஞ்சு சேலையைப் பிடித்துக்கொண்டாள். பிரிஜா விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"இப்ப வந்திருவேன் மக்கா. நீ படத்தப் பாரு. நடக்கியதெல்லாம் அப்புறமா எனக்குச் சொல்லித் தரணும், கேட்டியா."

பக்கத்து சீட் அம்மாளிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

கையுறை தீர்ந்துபோயிருந்தது. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, மறுகோடியில் குந்தி, மரத்தூளைத் தூவி வெறுங்கையால் அள்ளினாள். படம் பார்க்கிறவர்களுக்குத் தொந்தரவாகக் கூடாது என்று செல்வதாஸ் டார்ச்சைத் தரையோடு பிடித்திருந்தார். பிறகு வாளியும் துணியுமாக வரிசை நெடுகத் துடைத்துக்கொண்டே நகர்ந்தாள். துணி பக்கத்தில் வர வர, செருப்புகளும் ஷூக்களும் ஒவ்வொரு ஜோடியாகத் தூக்கிக்கொண்டன. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. திரையில் குட்டி என்னவோ செய்தது, தியேட்டரே சிரித்தது.

அவளுடைய சீட்டில் பக்கத்து அம்மாள் கைப்பையை வைத்திருந்தாள். அதற்கு அடுத்து, தரையை எட்டாமல் தொங்கிய இரண்டு சின்னக் கால்கள். துடைக்க அவற்றால் ஒரு இடைஞ்சலும் இல்லை. ஆனாலும் துணி பக்கத்தில் வந்ததும், எல்லாருடைய கால்களையும் போல அவையும் மேலே போயின.

பிரிஜா நிமிர்ந்து பார்த்தாள். அஞ்சு திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரிஜா அந்தக் கால்களுக்கு அடியிலும் துடைத்தாள்.