உப்புக்காக ஓர் உண்ணாவிரதம்

தோழர்களே, வாசகப் பெருமக்களே, ஒரு கணம் நின்று இந்த அநீதியைக் கண்ணாரக் காணுங்கள்! பேருந்துப் பணிமனைத் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை கேட்டு வெயிலில் நின்று முழங்கியவன். பூட்டிய ஆலையின் கதவைத் தொண்டையாலேயே திறந்தவன் என்று துண்டறிக்கைகளில் போற்றப்பட்டவன் (அறிக்கைகளை எழுதியவனும் அவனேதான்). அப்படிப்பட்டவனின் சாப்பாட்டு மேசையிலிருந்து, அவன் கண்ணெதிரிலேயே, உப்புக் குப்பி பறிமுதல் செய்யப்பட்டது. அந்த அப்பாவி நான்.

பறித்தவர் என் மனைவி. வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். பேச்சையும் துணியைப் போலவே அளந்து கத்தரிப்பவர். உடந்தை என் மகள்; பரிசோதனைக் கூடத்தில் ஊசியால் இரத்தம் எடுப்பது அவள் உத்தியோகம். பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தவர் என் அண்ணன்.

அண்ணனும் ஒரு காலத்தில் பேச்சாளர்தான். ஒலிபெருக்கி பழுதானால் கூட்டத்தைக் கலைக்க மாட்டார்கள், அவரை மேடையேற்றுவார்கள். சென்ற ஆண்டு, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே வாய் கோணிச் சரிந்தார். கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலை என்றார் மருத்துவர். உயிர் மிஞ்சியது, பேச்சு மிஞ்சவில்லை. இப்போது எங்களோடு இருக்கிறார். ஒரு சொல்லை உருட்டி வெளியே தள்ளுவதற்குள் அவர் நெற்றி வியர்த்துவிடும்.

அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் ஒரே கோரிக்கை: நான் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். நானோ கண் விழித்ததும், பல் துலக்கும் முன்பே, தலைமாட்டுக் குடுவையிலிருந்து பாகு போன்ற தேநீரை ஊற்றிக் குடிப்பவன். "அடடா, குடிச்சிட்டேனே! நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பேன். அந்த நாளை மாதக்கணக்கில் விடியவே இல்லை. இதற்கிடையே 'சர்க்கரை எனும் சர்வாதிகாரி' என்றொரு துண்டறிக்கையும் எழுதி முடித்தேன். அதன் பிழைதிருத்தப் படிகளில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்ததாக அச்சகத்தார் புகார் சொன்னார்கள்.

பறிமுதல் நடந்தது இரவுச் சாப்பாட்டின்போது.

"ருசி பார்க்கிறதுக்கு முன்னாடியே ஏங்க உப்பைக் கொட்டுறீங்க?" என்றார் மனைவி.

"அது என் பிறப்புரிமை."

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு. சொல்ல முடிஞ்ச வரைக்கும்."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்பா, தெருமுனைக் கடைக்கு ஆட்டோவில போறீங்க. வந்து மாடி ஏறினதும் மூச்சு வாங்குது. மூச்சு வாங்கினதும் சிகரெட் பிடிக்கிறீங்க. உங்க உடம்புக்குள்ள ஒரு சங்கம் இருந்தா எப்பவோ வேலைநிறுத்தம் பண்ணியிருக்கும்."

கூட்டத்தில் இப்படிப் பேசியிருந்தால் கைதட்டியிருப்பேன். வீட்டில் பேசியதால் கொதித்தெழுந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அறிவித்தேன்: "உப்பு திரும்பி வரும் வரை உண்ணாவிரதம்! ஒரு பருக்கைகூட இந்த வாய்க்குள் நுழையாது. தேநீரும் கிடையாது. தண்ணீர் மட்டும்!"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார். மகளோ மிகுந்த பரிவோடு, "தண்ணி தாராளமா குடிங்கப்பா. நல்லது" என்றாள்.

என்னே ஈரமுள்ள நெஞ்சம் என்று உருகிப்போனேன். முதலாளிகளின் புன்னகைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவனுக்குப் பெற்ற மகளின் புன்னகை பிடிபடவில்லை.

காலையில் விழித்ததும் கை தானாகவே குடுவைக்குப் போனது. கொண்ட கொள்கை தடுத்தது. வயிறு சிங்கம்போல் கர்ஜித்தபோதும் தலைநிமிர்ந்து கூடத்துக்கு வந்தேன். அங்கே மேசைமேல் ஊசி, பஞ்சு, கண்ணாடிக் குழாய்கள், ரப்பர் பட்டை எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"வாங்கப்பா. ராத்திரியிலேருந்து பட்டினி, தண்ணி மட்டும். இதைத்தானே இத்தனை மாசமா கேட்டோம்?" என்றாள் மகள்.

ஓர் உண்ணாவிரதத்தை எதிரி இவ்வளவு மனமார வரவேற்றதை நான் கேள்விப்பட்டதேயில்லை. விடுவேனா? வெறும் வயிற்றோடு முழங்கினேன். இது சதி என்றேன். போராளியின் குருதியில் ஒரு துளியும் தர மாட்டேன் என்றேன். மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இன்னொரு மனுஷனுக்கு ஸ்பூனால ஊட்டுற தெம்பு எனக்கு இல்லைங்க" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அதற்கும் ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைக்கூட என் வெட்கங்கெட்ட வாய் சொல்லியிருக்கும். அப்போது அண்ணன் தன் இடக்கையால் மேசையைத் தட்டினார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"த... தம்... பி." மூச்சு வாங்கினார். "கு... டு."

ஆயிரம் பேரை எழுப்பி நிறுத்திய வாய் ஒரே ஒரு சொல்லுக்காக அப்படிப் போராடியது. நான் சட்டைக் கையை மடித்து நீட்டினேன். மகள் பட்டையைக் கட்டினாள். என்னைப் போன்ற வீரன் ஊசியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று நம்புகிறேன்.

முடிவு மாலையில் வந்ததும் என்னை மருத்துவரிடம் இழுத்துப் போனார்கள். சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது. அவர் அளந்து பார்த்த இரத்த அழுத்தமோ என் குரலைவிட உயரத்தில் நின்றது. மாத்திரை, தினசரி நடை, சிகரெட்டுக்குத் தடை என்று நிபந்தனைகளை அடுக்கினார் மருத்துவர். என் வாழ்நாளில் பேச்சுவார்த்தையே நடத்தாமல் கையெழுத்திட்ட ஒரே ஒப்பந்தம் அதுதான். "சரியான நேரத்தில வந்துட்டீங்க" என்று அவர் என்னைப் பாராட்டினார். நான் எங்கே வந்தேன்? பிடித்து வரப்பட்டேன். என் கோரிக்கைகளில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. உண்ணாவிரதம் மட்டும் மகத்தான வெற்றி.

ஆகவே தோழர்களே, இந்தப் படுதோல்வியைப் படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்: எல்லோரையும்விட உரக்கப் பேசுபவர், எல்லாம் தெரிந்தவர், தமக்கு எதுவும் வராது என்பவர். நாளைக் காலை எதையும் வாயில் வைக்கும் முன் அவரைக் கையைப் பிடித்துப் பரிசோதனைக்கு இழுத்துச் செல்லுங்கள். அது நீங்களே என்றால் நீங்களே எழுந்து நடங்கள். அவர் மறுப்பார், வாதாடுவார், வழியெல்லாம் உங்களைத் திட்டுவார். திட்டட்டும். திட்டுவதற்கு வாய் இருக்கும்போதே அழைத்துப் போங்கள்!